ஏழு மாதத்தில் இரண்டு முதலிடங்கள்: டிஜே ஃப்ரெஷின் 140-ம் 174-ம்

2011 ஜூலையில் பிரிட்டனின் தனிப்பாடல் தரவரிசையில் ‘லவுடர்’ முதலிடம் பிடித்தது. டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை வகைப் பாடல் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை என்று பத்திரிகைகள் எழுதின. ஏழு மாதம் கழித்து, 2012 பிப்ரவரியில், ‘ஹாட் ரைட் நவ்’ அதே இடத்துக்கு வந்தது. இந்த முறை செய்தி வேறு: முதலிடம் பிடித்த முதல் டிரம் அண்ட் பேஸ் பாடல். இரண்டின் மேலும் இருந்த பெயர் ஒன்றுதான், டிஜே ஃப்ரெஷ். பிரிட்டனின் இசைத் தயாரிப்பாளர், இயற்பெயர் டான் ஸ்டைன்.

இந்த இசைக்குப் புதிதாக வருகிற ரசிகருக்கு இங்கே இரண்டு கேள்வி எழும். இரண்டும் வேறு வேறு வகை என்றால், ஒருவர் ஏழே மாதத்தில் இரண்டிலும் உச்சிக்குப் போனது எப்படி? இரண்டும் ஒன்றுதான் என்றால் பெயர் ஏன் இரண்டு? ‘ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது’ என்ற வழக்கமான பதில் பாதி தூரம்தான் கொண்டுபோகும். இரண்டு வகைக்கும் அடித்தளம் ஒன்று, அதன் மேல் எழுப்பும் நேரக்கணக்குதான் வேறு. அடித்தளம் போடுவதில் பத்து வருடத்துக்கு மேல் கை பழகிய ஒருவர் நேரக்கணக்கை மாற்றிப் போட்டார். ஃப்ரெஷின் பாதையை அப்படிப் படித்தால்தான் அது புரியும்.

## நேரக்கணக்கு

நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதுதான் டெம்போ. அதை பிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்கு 16 கட்டம் கிடைக்கும். இசை மென்பொருள்களின் திரையில் தெரிகிற கட்டங்கள் இவைதான். இரண்டு வகைகளையும் இந்தக் கட்டங்களில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே பிடிபடும்.

1. டிரம் அண்ட் பேஸ், சுமார் 174 பிபிஎம். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1-ம் 11-ம் கட்டங்களில், ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) 5-ம் 13-ம் கட்டங்களில். ஒரு பார் 1.38 வினாடி. ஒரு ஸ்நேருக்கும் அடுத்ததற்கும் இடையே 690 மில்லி வினாடி.

2. டப்ஸ்டெப், சுமார் 140 பிபிஎம். கிக் 1-ம் கட்டத்தில், ஸ்நேர் 9-ம் கட்டத்தில். ஒரு பார் 1.71 வினாடி. ஒரு பாருக்கு ஒரே ஸ்நேர் என்பதால் ஸ்நேர்களுக்கு இடையேயும் அதே 1.71 வினாடி.

எண் 140 என்றாலும் காலும் தலையும் ஆடுவது 70-ல். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை: தாளம் கீழ்க்காலத்தில் நிற்கிறது, ஹை-ஹேட்டும் (சிறு தாளத்தட்டு) பேஸும் (தாழ்ந்த சுர ஒலி) மேல்காலத்தில் ஓடுகின்றன. டிரம் அண்ட் பேஸிலும் 174-ன் உள்ளே 87 ஒளிந்திருக்கிறது. பாடகர் அந்த 87-ஐப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பாட, டிரம்ஸ் அவருக்குக் கீழே இரு மடங்கு வேகத்தில் ஓடும். ‘ஹாட் ரைட் நவ்’ போன்ற ஒரு பாடல் வானொலிக்கு ஏற்றதாக அமைய இந்த ஒளிந்த பாதிதான் இடம் கொடுக்கிறது.

140-க்கும் 175-க்கும் இடையே ஓர் அழகான உறவு உண்டு. 140-ன் ஓர் அடிக்குள் ஐந்து மாத்திரை, அதாவது கண்ட நடை வைத்தால் நிமிடத்துக்கு 700 மாத்திரை. 175-ல் ஓர் அடிக்கு நான்கு மாத்திரை, சதுரசிர நடை, வைத்தாலும் அதே 700. நடையை மட்டும் மாற்றி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம் என்பது கணக்கு. இசைத்தட்டை வைத்துக்கொண்டு நேரடியாக இழுத்தால் நடக்காது. டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளின் வேகக் கட்டுப்பாடு இருபுறமும் 8 சதவீதம்தான். 140-ஐ முழுக்க ஏற்றினால் 151, 174-ஐ முழுக்க இறக்கினால் 160. இரண்டும் சந்திப்பதே இல்லை. இரண்டு வகைகளும் வெகுகாலம் தனித்தனி இரவுகளாக, தனித்தனி கூட்டமாக இருந்ததற்கு இந்த எளிய இயந்திர எல்லையும் ஒரு காரணம்.

## 174-ல் பயின்ற கை

1990-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜங்கிள் என்ற பெயரில் எழுந்த இசைதான் டிரம் அண்ட் பேஸாக வளர்ந்தது. அதன் மூலப்பொருள்களில் முதலாவது 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழு பதிவு செய்த ‘ஆமென், பிரதர்’ பாடலில் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு பார் டிரம் துண்டு. மொத்தம் சுமார் 7 வினாடி. அதன் இயல்பான வேகம் 137-ஐ ஒட்டியது. அதை 174-க்கு ஏற்றினால் 27 சதவீதம் வேகம் கூடும், சுருதி நான்கு அரைச்சுரத்துக்கு மேல் எகிறும். ஸ்நேர் மெலிந்து கூர்மையாகும். அந்தக் கூர்மைதான் பிறகு இந்த வகையின் அடையாளமாகவே ஆனது.

ஒலித் துண்டுகளைப் பதிந்து மறுபடி வாசிக்கும் கருவிதான் சாம்ப்ளர். அன்றைய சாம்ப்ளர்களின் நினைவகம் மிகக் குறைவு. அகாய் எஸ்1000 இயந்திரத்தின் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட். முழுத் தரத்தில், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்), 24 வினாடிக்கும் குறைவான ஒலி. கிக்கையும் ஸ்நேரையும் தனித்தனியாக வெட்டி, தேவையற்ற வாலை நறுக்கி, கட்டங்களில் மறுபடி அடுக்கும் வழக்கம் இந்த நெருக்கடியில் வளர்ந்தது. இந்தத் தலைமுறைக்குச் சிக்கனம் கைப்பழக்கமாகிவிட்டது.

ஸ்டைன் இந்தச் சூழலில் வந்தவர். அவரும் டிபிரிட்ஜ், மால்டினி, வேகஸ் ஆகியோரும் சேர்ந்த பேட் கம்பெனி குழு 1998-ல் ‘தி நைன்’ வெளியிட்டது. இறுக்கமான டிரம்ஸ், அதற்குக் கீழே உறுமும் பேஸ், நடுவில் வெற்றிடம். கடுமையான, இருண்ட டிரம் அண்ட் பேஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்று அடுத்து வந்தவர்கள் அளந்து பார்த்த அளவுகோல்களில் அது ஒன்று. அந்தக் குழு தொடங்கிய ‘டாக்ஸ் ஆன் ஆசிட்’ இணையதளம் பல ஆண்டுகள் உலகெங்கும் உள்ள டிரம் அண்ட் பேஸ் தயாரிப்பாளர்கள் கூடும் திண்ணையாக இருந்தது.

அந்த உறுமலுக்கு ரீஸ் பேஸ் என்று பெயர். 1988-ல் டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன், ரீஸ் என்ற புனைபெயரில் வெளியிட்ட பாடலில் இருந்து வந்த ஒலி அது. செய்முறை எளிது. இரண்டு ஆசிலேட்டரில் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) ஒரே சுரம் வைக்க வேண்டும். ஒன்றை 10 சென்ட் (அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே, மற்றதை 10 சென்ட் கீழே நகர்த்த வேண்டும். 55 ஹெர்ட்ஸில் இது வெறும் 0.64 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஒலி 1.6 வினாடிக்கு ஒருமுறை வீங்கி வற்றும், 174-ல் ஏறத்தாழ ஒரு பார் நீளம். பத்தாவது மேல்சுரத்தில் அதே அசைவு வினாடிக்கு ஆறு முறைக்கு மேல் நிகழும். ஆகவே மேலே படபடப்பு, கீழே மெதுவான மூச்சு. ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தாலும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. வற்றும் நேரத்தில் அடி ஒலியே காணாமல் போகும். அறையில் கேட்டால் தெரியாது, பெரிய ஸ்பீக்கரில் 1.6 வினாடிக்கு ஒருமுறை தரை விழுந்தது போல் இருக்கும். தீர்வு: ரீஸை 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அங்கே தனியாக ஒரு சைன் அலையை, அதாவது மேல்சுரமே இல்லாத தூய அலையை, மோனோவில் வைப்பது. மேலே எது ஆடினாலும் கீழே அது ஆடாது. இந்த இரண்டடுக்கு முறை டப்ஸ்டெப்புக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது.

## சப்-பேஸ்: பொதுவான தரை

அந்த சைன் அலைதான் சப்-பேஸ். இரண்டு வகையிலும் இது 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் குடியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் எஃப், ஜி போன்ற சுரங்களை அடிக்கடி தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கீழ் எஃப் 43.65 ஹெர்ட்ஸ், ஜி 49. டி-க்கு இறங்கினால் 36.7, பல கிளப் ஸ்பீக்கர்கள் அங்கே தளர்ந்துவிடும். மேலே பி-க்கு ஏறினால் 61.7, வயிற்றில் இறங்கும் கனம் குறைகிறது.

கீழ் எஃப்-ன் ஓர் அலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 7.9 மீட்டர். சிறிய படுக்கையறையில் அதைச் சரியாகக் கேட்க முடியாது. ஒரு மூலையில் இரட்டிப்பாகும், நடு அறையில் மறையும். அதனால்தான் இந்த இசையில் கிளப்பின் ஒலியமைப்பு பட்டறையின் ஒரு கருவியாகவே நடத்தப்பட்டது. பாடல் முடிந்ததும் மாஸ்டரிங் கூடத்தில் ஒரே ஒரு பிரதி வெட்டுவார்கள். அதற்கு டப்பிளேட் என்று பெயர். அலுமினியத் தட்டின் மேல் மெல்லிய லாக்கர் பூச்சு, சில பத்து முறை ஓட்டினாலே தேயத் தொடங்கும். லண்டனில் ஜேசன் காஸின் டிரான்சிஷன் ஸ்டூடியோ டப்ஸ்டெப்காரர்களுக்கு அப்படி ஓர் இடம். வெட்டிய இரவே கிளப்பில் போட்டு, பேஸ் எங்கே வழிகிறது என்று கேட்டு, மறுநாள் திருத்துவார்கள். அடி ஒலியை மோனோவில் வைக்கும் கட்டாயமும் இந்தத் தட்டிலிருந்து வந்ததுதான். இடமும் வலமும் எதிரெதிராக ஆடும் பேஸ், பள்ளத்தை மேலும் கீழும் நெளியச் செய்து ஊசியைத் தூக்கிவிடும்.

நேரம் இங்கேதான் குறுக்கிடுகிறது. கீழ் எஃப்-ன் ஒரு சுழற்சிக்கு 23 மில்லி வினாடி வேண்டும். 174-ல் ஒரு கட்டம் 86 மில்லி வினாடி, அதற்குள் நான்கு சுழற்சிகூட அடங்காது. காதுக்கு அது சுரமாகவே கேட்காது, ‘தொம்’ என்ற இடியாகக் கேட்கும். ஆகவே 174-ல் பேஸ் சுரங்கள் குறைந்தது இரண்டு கட்டம் நீள வேண்டும். 140-ல் ஒரு கட்டம் 107 மில்லி வினாடி, கொஞ்சம் தாராளம். ஓர் அடி முழுக்க நீட்டினால் 18 சுழற்சிக்கு மேல். சுரத்தின் வடிவத்தை நடுவிலேயே வளைக்கவும் ஆட்டவும் இடம் கிடைக்கிறது. டப்ஸ்டெப்பின் ‘வவ் வவ்’ என்ற ஆட்டம் பிறந்தது இந்த இடத்தில்தான்.

## கிளை பிரிந்த இடம்: கிராய்டன்

2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் கிராய்டனில் பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். ஸ்க்ரீம், பெங்கா இருவரும் அப்போது பதின்வயதினர். யுகே கராஜ் என்ற பிரிட்டிஷ் நடன இசையில் பாட்டைக் குறைத்து, இருட்டைக் கூட்டி, ரெக்கேயின் எதிரொலி நிறைந்த கிளையான ஜமைக்கா டப்பின் வெற்றிடத்தைக் கொண்டுவந்தார்கள். ஃபார்வர்ட் என்ற கிளப் இரவு முதல் மேடை. 2005-ல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்இசட் இரண்டாவது. 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1-ல் மேரி ஆன் ஹாப்ஸ் நடத்திய சிறப்பு நிகழ்ச்சி அதை உலகுக்குச் சொன்னது. இளைஞர்கள் பலர் கையில் இருந்த ஃப்ரூட்டிலூப்ஸ் மென்பொருளின் அன்றைய பதிப்புகள் திறந்தவுடனேயே 140 என்று காட்டும். அந்த எண் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள், நம்பத்தக்கதுதான்.

இந்தக் காலத்தில் ஃப்ரெஷ் வேறு திசையில் இருந்தார். 2003-ல் ஆடம் எஃப்-ன் கம்பெனியும் தன்னுடையதும் இணைந்து பிரேக்பீட் கயாஸ் என்ற லேபிள் உருவானது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வந்த பெண்டுலம் குழுவின் ‘ஹோல்ட் யுவர் கலர்’ ஆல்பம் 2005-ல் அதில்தான் வெளிவந்தது. ராக் இசையின் மெட்டும் கிட்டாரும் 174-ன் மேல் ஏறி உட்கார்ந்த ஆல்பம் அது. அதில் ‘டரான்டுலா’ பாடலில் ஃப்ரெஷும் பங்காளி. 2006-ல் தனி ஆல்பம், 2010-ல் ‘கிரிப்டோனைட்’. அதே 2010-ல் மிஸ் டைனமைட் பாடிய ‘கோல்ட் டஸ்ட்’ தரவரிசையின் முதல் 40-க்குள் நுழைந்தது. ‘லவுடர்’ திடீரென்று வந்ததாகச் சொல்பவர்கள் இந்த ஐந்தாறு வருடத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரு மனிதக் குரலுக்கு 174-ல் எங்கே இடம் விட வேண்டும் என்பதை அவர் கற்றுத் தேர்ந்த காலம் இதுதான்.

## 174-லிருந்து 140-க்கு: எதை மாற்ற வேண்டும், எது கெடும்

டெம்போ எண்ணை மட்டும் மாற்றி ஒரு பாடலை வகை மாற்றிவிட முடியாது. முயன்றவர்களுக்குத் தெரியும், எல்லாமே தளர்ந்து தொங்கும். வரிசையாகப் பார்ப்போம்.

1. ஸ்நேர். 174-ல் அதன் எதிரொலி வால் 250 முதல் 350 மில்லி வினாடிக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கிக்கின் முகத்தை மறைக்கும். அதே ஸ்நேரை 140-ல் பாருக்கு ஒன்று என்று வைத்தால் அது ஒரு தட்டல் போலத் தனித்து நிற்கும். வால் 700 முதல் 900 மில்லி வினாடி வரை நீள வேண்டும், 200 ஹெர்ட்ஸ் அருகே உள்ள உடல் பருக்க வேண்டும். பாரின் முழுச் சுமையும் அந்த ஒரு அடியின் தோளில்.

2. கிக். டிரம் அண்ட் பேஸ் கிக்கின் கனம் பெரும்பாலும் 90 முதல் 110 ஹெர்ட்ஸில் இருக்கும். கீழே சப் ஓடிக்கொண்டே இருப்பதால் மேலே ஒதுங்கி நிற்கிறது. நீளம் சுமார் 100 மில்லி வினாடி. டப்ஸ்டெப்பில் கிக் குறைவு, ஆகவே 50, 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கி 200 மில்லி வினாடி நீளலாம். நீண்ட கிக்கை அப்படியே 174-க்குக் கொண்டுபோவதுதான் மறுபக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. கிக்கும் சப்பும் ஒரே வாசலில் முட்டி, இரண்டும் சேற்றில் புதையும்.

3. கிக் விழும்போது பேஸைத் தாழ்த்தும் சைட்செயின். 174-ல் பேஸ் 40 முதல் 70 மில்லி வினாடிக்குள் திரும்பி எழ வேண்டும். 140-ல் 80 முதல் 120 வரை போகலாம். டப்ஸ்டெப்புக்கான அளவை டிரம் அண்ட் பேஸில் விட்டுவைத்தால் பேஸ் முழு உயரத்துக்கு எழுவதற்குள் ஏறத்தாழ ஒரு கட்டமோ அதற்கு மேலோ கழிந்துவிடும். பாட்டில் பேஸ் இருக்கும், பலம் இருக்காது.

4. ஆட்டத்தின் வேகம். எட்டாம் மாத்திரை மும்மையில், அதாவது ஓர் அடிக்கு மூன்று முறை, ஓடும் ஆட்டம் 140-ல் வினாடிக்கு 7 முறை. ஒவ்வொரு ‘வவ்’வையும் காது எண்ணும். 174-ல் அது 8.7. பதினாறாம் மாத்திரைக்கு (ஓர் அடிக்கு நான்கு) போனால் 11.6, முப்பத்திரண்டுக்கு (ஓர் அடிக்கு எட்டு) போனால் 23. அங்கே ஆட்டம் எண்ணிக்கையை இழந்து சொரசொரப்பாக மாறும். ஆகவே ஒரே பேஸ் ஒலி 140-ல் பேசும், 174-ல் உறுமும். மாற்றும்போது ஆட்டத்தின் பிரிவை ஒரு படி குறைக்கத்தான் வேண்டும்.

5. எதிரொலி. மில்லி வினாடியில் எழுதி வைத்தவை எல்லாம் தவறும். புள்ளி வைத்த எட்டாம் மாத்திரை (முக்கால் அடி) 140-ல் 321, 174-ல் 259. மென்பொருளின் டெம்போவோடு பூட்டாமல் விட்டால் பாடல் முழுக்க ஒரு மெல்லிய தள்ளாட்டம் இருக்கும், காரணம் தேடிக் களைத்துப்போவார்கள்.

6. குரல். 5, 6 சதவீதம் வரை இழுத்தால் கெடாது. 140-ல் பாடியதை 174-க்குக் கொண்டுவருவது 24 சதவீதம். ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகள் சிதறும், நீண்ட உயிரொலிகள் நடுங்கும். மறுபடி பாட வைப்பதைத் தவிர வழியில்லை.

7. சுருதி. ஆடியோவை வேகத்தோடு சுருதியும் சேர்ந்து ஏறும்படி மாற்றினால் 140-லிருந்து 174-க்கு ஏறத்தாழ நான்கு அரைச்சுரம் கூடும். 43.65 ஹெர்ட்ஸில் இருந்த சப் 54-க்குப் போய்விடும். டிரம்ஸ் துண்டுக்கு இது அழகு சேர்க்கும், பேஸுக்குச் சேர்க்காது.

பட்டியலைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும். சப்பின் இடம், மோனோ ஒழுக்கம், இரண்டடுக்கு அமைப்பு ஆகியவை மாறவே இல்லை. மாறியவை எல்லாம் நீளமும் இடைவெளியும். 174-லிருந்து வந்தவருக்குக் கிடைப்பது உபரி நேரம், அதை நிரப்பாமல் விட்டுவைப்பதுதான் அவர் கற்க வேண்டிய ஒன்று. 140-லிருந்து போகிறவருக்கு நேரம் பறிபோகிறது, ஒவ்வொரு ஒலியையும் சுருக்கியாக வேண்டும். இரண்டாவது வேலை கடினமானது என்பதே என் கணிப்பு. தரவரிசையும் அப்படித்தான் சொல்கிறது: சார்ட்டுக்கு டப்ஸ்டெப்பைக் கொண்டுவந்தவர்களில் பலர் டிரம் அண்ட் பேஸில் தொடங்கியவர்கள். 2011 ஆகஸ்டில் ‘பிராமிசஸ்’ மூலம் முதலிடம் பிடித்த நீரோ, அதே ஆண்டு ‘நோ மோர் ஐடல்ஸ்’ ஆல்பம் வெளியிட்ட சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ், இருவருமே 174-ல் கை பழகியவர்கள்.

## ‘லவுடர்’ டப்ஸ்டெப்தானா?

இந்த வாக்குவாதம் அன்றே எழுந்தது. டிஎம்இசட் இரவுகளில் வளர்ந்தவர்களுக்கு டப்ஸ்டெப் என்றால் வெற்றிடம், காத்திருப்பு, உடம்பில் உணரும் சப். வானொலியில் கேட்ட ‘லவுடர்’ அவர்களுக்கு அந்நியமாகப் பட்டது. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் வானொலிப் பாடலுக்கு வேறு சட்டம்.

முதல் சட்டம், ஸ்பீக்கர். கைபேசியிலும் சிறிய வானொலியிலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் வராது. 43.65 ஹெர்ட்ஸ் சப் அங்கே இல்லவே இல்லை. அதன் மேல்சுரங்களான 218, 262, 306 ஆகியவற்றை சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைத்து மேல்சுரங்களைக் கூட்டுவது) மூலம் எழுப்பினால் காது இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே சார்ட்டுக்குப் போகும் டப்ஸ்டெப்பில் நடு அலைவரிசை பேஸ் முன்னுக்கு வந்தே தீரும். தூய சப்பை மட்டும் நம்பிய பாடல், வானொலியில் வெறும் ஸ்நேராகத்தான் போய்ச் சேரும்.

இரண்டாவது, நேரம். கிளப் பிரதியில் டிஜே கலப்பதற்காக 32 பார் முன்னுரை இருக்கும். 140-ல் அது 55 வினாடி. மூன்று நிமிட வானொலிப் பாடல் அதைத் தாங்காது, குரல் சில வினாடிகளிலேயே வந்தாக வேண்டும். கிளப்பின் தேவைக்குத் தனியாக மறுவடிவங்கள் வந்தன. ஃப்ளக்ஸ் பெவிலியன், டாக்டர் பி இணைந்து செய்த ‘லவுடர்’ மறுவடிவம் அப்படிப்பட்டது.

பாடியவர் ஷான் எவன்ஸ், கோஷீன் குழுவின் பாடகி. பிரிஸ்டலின் அந்தக் குழுவே டிரம் அண்ட் பேஸ் தாளத்தின் மேல் பாட்டு எழுதி வென்றது. ஆக, ‘முதல் டப்ஸ்டெப் முதலிடம்’ என்ற பாடலின் தயாரிப்பாளரும் பாடகியும் 174-ன் பிள்ளைகள். லூக்கோசேட் பான விளம்பரத்தில் முன்னரே ஒலித்ததால் வெளியாகும் முன்பே மெட்டு ஊருக்குத் தெரிந்திருந்தது. டப்ஸ்டெப்பின் சொந்த வீட்டிலிருந்து வந்த மேக்னெட்டிக் மேன் குழு (ஸ்க்ரீம், பெங்கா, ஆர்ட்வொர்க்) 2010-ல் ‘ஐ நீட் ஏர்’ மூலம் பத்தாவது இடம் வரை வந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. கதவைத் தட்டியவர்கள் அவர்கள், திறந்த கதவு வழியே நடந்தவர் ஃப்ரெஷ்.

## ‘ஹாட் ரைட் நவ்’: வீடு திரும்பல்

ஏழு மாதம் கழித்து வந்தது சொந்த மண். அதைப் பாடிய ரீட்டா ஓரா அப்போது பரவலாக அறியப்படாத குரல், தனிப்பாடல் எதுவும் தரவரிசை ஏறியிருக்கவில்லை. ‘லவுடர்’ கற்றுக்கொடுத்த சார்ட் சட்டங்கள் எல்லாம் இங்கே 174 வட்டாரத்துக்குப் பெயர்ந்தன: குரல் பாதி வேகத்தில், சீக்கிரம் வரும் கோரஸ், நடு அலைவரிசையில் அடையாளம் சொல்லும் ஒலி. இரண்டு பாடல்களும் 2012-ல் வெளியான ‘நெக்ஸ்ட்லெவலிசம்’ ஆல்பத்தில் ஒன்றாக இடம்பெற்றன. அதை வெளியிட்டது மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட்.

அதற்குப் பின் கதவு மூடவில்லை. 2012-லேயே ருடிமென்டலின் ‘ஃபீல் தி லவ்’ முதலிடம், 2013-ல் அவர்களே மறுபடி. 2014-ல் சிக்மா இரட்டையர் இரு முறை. சிக்மாவோடு ஃப்ரெஷ் 2010-லேயே ‘லாசிட்யூட்’ செய்திருந்தார். 2024-ல் சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ், ஸ்டார்ம்ஸியுடன் ‘பேக்போன்’. சார்ட்டில் டப்ஸ்டெப்பின் பருவம் ஓரிரு ஆண்டில் வடிந்துவிட, டிரம் அண்ட் பேஸ் திரும்பத் திரும்ப வருகிறது. 87 என்ற ஒளிந்த பாதிவேகம் ஆர் அண்ட் பி, ஹிப் ஹாப் பாடகர்களுக்கு இயல்பாகக் கைகொடுப்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 70-ல் பாடுவதற்கு மூச்சு வேண்டும், நீண்ட இடைவெளியைத் தாங்கும் குரல் வேண்டும்.

## குரலைத் தேடிய கடைசித் திருப்பம்

2023-ல் ஸ்டைன் வேறொரு துறையில் தெரிந்தார். வாய்ஸ்-ஸ்வாப் என்ற செயற்கை நுண்ணறிவுத் தளத்தை இணைந்து தொடங்கினார். தயாரிப்பாளர் தன் குரலில் பாடிப் பதிவேற்றினால், ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு பாடகரின் குரலாக அது மாறி வரும். வருமானத்தில் பாடகருக்குப் பங்கு உண்டு. அனுமதியின்றிக் குரல்களைப் படியெடுக்கும் கருவிகள் பெருகிய காலத்தில், சம்மதமும் பங்கும் முன்கூட்டியே எழுதப்பட்ட வழியைத் தேர்ந்தெடுத்தது பாராட்டத்தக்கது.

இரண்டு டெம்போக்களுக்கு இடையே வாழ்ந்தவர் இங்கே வந்து சேர்ந்ததில் தொழில் தர்க்கம் இருக்கிறது. முன்பு பட்டியலிட்ட ஏழில் ஆறாவது, குரல், அதுதான் பணமும் நாளும் அதிகம் விழுங்குவது. 140-ல் எழுதிய பாட்டை 174-க்கு மாற்ற நினைத்தால் பாடகரை மறுபடி ஸ்டூடியோவுக்கு அழைக்க வேண்டும். குரல் மாற்றும் கருவி அந்த மாதிரிப் பதிவைத் தயாரிப்பாளரே வீட்டில் செய்துபார்க்க வழி தருகிறது.

ஆனால் இத்தகைய கருவி மாற்றுவது குரலின் நிறத்தை. நேரமும் மூச்சும் உச்சரிப்பும் உள்ளே போன பதிவிலிருந்தே வெளியே வரும். 140-ல் பாடி, 24 சதவீதம் வேகமாக்கிய பதிவை உள்ளே கொடுத்தால், அதே நடுக்கமும் சிதறிய ‘ஷ’வும் நல்ல பாடகியின் குரலில் திரும்பி வரும். வழிகாட்டிப் பதிவை 174-லேயே, தலையில் 87-ஐ எண்ணிக்கொண்டு, புதிதாகப் பாட வேண்டும்.